கத்திரி வெயிலில் வண்டலூர் பூங்காவுக்குப் போகலாமா?

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி மாதிரித் தெரிகிறது, பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று இருக்கிறது. மே மாதம் திருநெல்வேலியிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது, 4 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், கூடவே 68 வயது அம்மா, இவர்களோடு வண்டலூர் போகலாமா என்பது மேலே தெரிகிற கேள்வி. போன வருஷம் போனபோது புலி, சிங்கம், கரடி எல்லாம் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தன, காசு கொடுத்துத் தூங்குமூஞ்சிகளைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது இரண்டாவது. கடைசி வரியில் போகிற போக்கில் "இந்த வெயிலில் அதுகளை அப்படிப் போட்டு வைத்திருப்பது பாவம் இல்லையா" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், உங்களை உண்மையில் உறுத்துவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தூங்குகிற புலியைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டுக்கும் பதில் தானாக வந்துவிடும், அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தவன். ஆடு, மாடு, நாய் என்று தொடங்கி, அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் உயிரியல் பூங்கா விலங்குகளோடு காலம் போனது, இரண்டு மூன்று ஊர்களில். வண்டலூரில் வேலை பார்த்ததில்லை. தாம்பரம் பக்கம் வீடு, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி அங்கே போகிற ஆள், அவ்வளவுதான். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன் இல்லை என்பதால் அம்மாவைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. வியர்வை காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நாம் இதைப் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் பாலூட்டிகளில் இந்த வசதி இந்த அளவுக்கு வாய்த்தவை ரொம்பக் குறைவு, குதிரையை ஒன்றாகச் சொல்லலாம். புலிக்கும் சிங்கத்துக்கும் பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அதை வைத்து 200 கிலோ உடம்பைக் குளிர வைக்க முடியாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். இரைப்பதும் தசை செய்கிற வேலை, அதிலும் சூடு பிறக்கும். ஆக அதன் கையில் இருக்கிற மலிவான வைத்தியம், புதிதாகச் சூட்டை உண்டாக்காமல் இருப்பது. நிழலில் ஈரமண் பார்த்து, முடி குறைவாக இருக்கிற அடிவயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்தால் உடம்புச் சூடு மண்ணுக்குள் இறங்கும். மதியத்தில் தெருநாய் குழாயடியில் ஈரமண்ணைப் பறித்து அதில் வயிற்றை வைத்துப் படுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கணக்குதான். சிங்கத்தைப் பொறுத்தவரை வெயிலைக்கூடக் குறை சொல்ல வேண்டாம், மார்கழியில் போனாலும் அது நாளில் 16 முதல் 20 மணி நேரம் கிடக்கிற ஜீவன்தான்.

காட்டிலும் இதேதான் நடக்கிறது. ஹம்பிக்குப் பக்கத்தில் தரோஜி கரடிச் சரணாலயம் இருக்கிறது. வெறும் பாறைக்காடு, கோடையில் பாறை தோசைக்கல் மாதிரிக் கொதிக்கும். அங்கே காலை பத்து மணிக்குப் போய் நின்றால் ஒரு கரடியும் கண்ணில் படாது. எல்லாம் பாறை இடுக்குகளுக்குள் படுத்துக் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக இறங்கி வரும். அவற்றை யாரும் அடைத்து வைக்கவில்லை, வெயில் நேரத்தில் வெளியே வருவது வீண் செலவு என்று அவற்றுக்கே தெரியும். நீங்கள் போன வருஷம் பகல் 12 மணிக்கு (நீங்களே எழுதிய நேரம்) போய் நின்று, ஏன் எதுவும் ஆடவில்லை என்று கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் ஆடுகிற விலங்கைப் பார்த்தால்தான் நான் கவலைப்படுவேன்.

இன்னொன்று, சும்மா கிடப்பது போலத் தெரிகிற விலங்கும் அப்போது ஒரு வேலை செய்துகொண்டிருக்கும், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். யானையின் காது விசிறி. காதின் பின்பக்கம் ரத்தக்குழாய்கள் கயிறு கயிறாக ஓடும், காதை வீசும்போது அதில் ஓடுகிற ரத்தம் குளிர்ந்து உடம்புக்குத் திரும்பும். யானைக்கு வியர்வைச் சுரப்பி கால் நகத்தைச் சுற்றி மட்டும்தான் இருக்கிறது, அதனால்தான் சேறும் தண்ணீரும் புழுதியும் அதற்குச் சோறு மாதிரி முக்கியம். தோலில் இருக்கிற சுருக்கங்கள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் காயவிடுகின்றன. குளித்த யானை உடனே மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்வதைப் பார்த்து "கழுவி விட்டது வீணாப் போச்சே" என்று பாகனுக்காக வருத்தப்படுவார்கள். அது பூசிக்கொள்வது வெயிலுக்கும் பூச்சிக்கும் எதிரான மருந்து. நீர்யானை இன்னும் ஒரு படி மேலே. அதன் தோலிலிருந்து கசிகிற திரவம் முதலில் நிறமில்லாமல் வந்து கொஞ்ச நேரத்தில் சிவந்துவிடும், அதைப் பார்த்துத்தான் ரத்த வியர்வை என்று கதை கட்டினார்கள். அது ரத்தமும் இல்லை, நம் வியர்வை மாதிரியும் இல்லை. 2004-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதில் இருக்கிற நிறமிகளைப் பிரித்துக் காட்டினார்கள், வெயிலையும் தடுக்கிறது, கிருமியையும் அடக்குகிறது. கூழைக்கடா வாயைத் திறந்து தொண்டைப் பையைப் படபடவென்று அடித்துக்கொள்வது மூச்சுத் திணறல் இல்லை, அதுதான் அதன் விசிறி. நாரை இனங்களில் சில, தங்கள் கால் மேலேயே எச்சமிட்டு அந்த ஈரத்தில் குளிர்ந்துகொள்ளும். பிள்ளைகள் இதைக் கேட்டால் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சிரிப்பார்கள்.

சில விஷயங்களில் அறிவியலே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முதலை வாயைப் பிளந்தபடி மணிக்கணக்கில் கிடப்பது உடம்பைக் குளிர வைக்க என்று பாடப்புத்தகங்களில் போட்டிருக்கும். அது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் இரவிலும் மழையிலும்கூட அப்படிக் கிடக்கிறதே என்று பார்த்தவர்கள் கேட்கிறார்கள். வரிக்குதிரையின் வரிகள் உடம்புக்கு மேலே காற்றைச் சுழலவைத்துக் குளிர்ச்சி தருகின்றன என்று ஒரு கட்சி உண்டு. கடிக்கிற ஈக்கள் வரி மேல் சரியாக உட்கார முடியாமல் தடுமாறுகின்றன என்பதற்குத்தான் சான்று பலமாக இருக்கிறது. அக்கா பிள்ளை கேட்டால் "ஈக்காக" என்று சொல்லுங்கள், தப்பாகாது.

சரி, பாவமா இல்லையா என்ற கேள்விக்கு வருவோம். எல்லா விலங்குக்கும் ஒரே பதில் கிடையாது. ஆசியச் சிங்கம் காட்டில் மிஞ்சியிருப்பது குஜராத்தின் கிர் பகுதியில் மட்டும், அங்கே கோடையில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். வெளிமான் நம்ம ஊர்ப் பிறவி, கிண்டியிலும் கோடியக்கரையிலும் இதே வெயிலில்தான் மேய்கிறது. வெள்ளைப்புலியைப் பார்த்துப் பனிப்பிரதேசப் புலி, இதைக் கொண்டுவந்து சென்னையில் வேக வைக்கிறார்களே என்று எத்தனையோ பேர் என்னிடமே சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அது பனிப்பிரதேசத்துப் புலி இல்லை, ஒரு மரபணு மாறிப் பிறந்த வங்கப்புலி. 1951-ல் மத்தியப் பிரதேசத்து ரீவா மகாராஜா பிடித்த மோகன் என்ற குட்டிதான் இன்று காட்சிக்கு இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பாட்டன், ரீவாவின் கோடை சென்னைக் கோடைக்கு இளைத்தது இல்லை. வெள்ளைப்புலிகளைப் பற்றி எனக்கு வேறு வருத்தம் உண்டு, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து செய்து மாறுகண்ணும் வேறு குறைகளும் வந்துவிட்டன, ஆனால் அது வெயில் விஷயம் இல்லை. உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியவை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டிலிருந்து வந்த சிங்கவால் குரங்கு, நீலகிரிக் கருமந்தி, அப்புறம் இமாலயக் கருங்கரடி போன்ற மலைவாசிகள். கூடவே குட்டிகள், கிழடுகள், நோயில் கிடப்பவை. தண்ணீர் வரத்து நின்றுபோனால் முதலில் விழுவது இவைதான்.

கோடை வந்ததும் பத்திரிகைகளில் கரடி பனிக்கட்டியைக் கட்டிப்பிடித்து நக்குகிற படம் வந்துவிடும், யானைக்கு ஷவர், பறவைக் கூண்டில் புகைமாதிரி நீர் தெளிக்கிற குழாய், தர்பூசணி, வெள்ளரிக்காய். எல்லாம் நல்லதுதான். ஆனால் பழம் வைத்து உறைய வைத்த பனிக்கட்டி முக்கியமாக ஒரு விளையாட்டுப் பொருள், கரடிக்கு ஒரு மணி நேரம் பொழுது போகும், மூளைக்கு வேலை கிடைக்கும். உடம்பைக் காப்பாற்றுவது நிழலும் குட்டையும் காற்றோட்டமும். நீர்த்தூவலில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. காற்று காய்ந்து கிடக்கிற வேலூர் மாதிரி ஊரில் அது அற்புதமாக வேலை செய்யும், ஏனென்றால் துளிகள் உடனே ஆவியாகிக் காற்றைக் குளிர வைக்கும். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டிவிட்ட பிறகு, காற்றோட்டம் இல்லாத கூண்டில் நீரைத் தூவினால் உள்ளே புழுக்கம்தான் ஏறும், இரைத்துச் சமாளிக்கிற விலங்குக்கு அது இன்னும் கஷ்டம். பழைய காப்பாளர்கள் தெளிப்பானை நம்புவதைவிடக் கூரை மேல் தென்னங்கீற்றையும் நாணலையும் பரப்பி அதை நனைத்துவிடுவார்கள். படிப்பில்லாத மூளைதான், ஆனால் சரியான மூளை.

ஒரு பூங்கா வெயிலைச் சரியாகக் கையாள்கிறதா என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கிற சோதனை ஒன்றுதான். அந்த விலங்குக்கு நம் கண்ணில் படாமல் இருக்க இடம் இருக்கிறதா? நிழலுக்குப் போவதா, தண்ணீரில் இறங்குவதா, மனுஷப் பார்வையே வேண்டாம் என்று புதருக்குப் பின்னால் போவதா என்று அதுவே முடிவு செய்ய முடிகிறதா? முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய மெட்ராஸ்காரர்கள் "உயிர்க் காலேஜ்" என்று சொல்வார்களே (எழும்பூர் மியூசியம் "செத்த காலேஜ்"), அது 1855-ல் அந்த மியூசியத்தை நடத்திய பல்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கிவைத்தது, பிறகு சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. கல்லூரி நாட்களில் நான் பார்த்தது அதைத்தான். கம்பிக்கூண்டு, சிமெண்டுத் தரை, புலி எங்கே திரும்பினாலும் நாலு பக்கமும் முகங்கள். 1985-ல் வண்டலூர் திறந்தபோது 500 ஹெக்டேருக்கு மேல் காட்டு நிலத்தில், கம்பிக்குப் பதில் அகழி வெட்டி, மரத்தோடும் புதரோடும் விட்டார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அங்கே மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போனது, அதற்கடுத்த கோடைகளில் நிழல் குறைந்துபோனதை நடந்துபோகிற நமக்கே நன்றாகத் தெரிந்தது. இப்போது வைத்த கன்றுகள் ஏறி வருகின்றன. அதனால் அடுத்த தடவை ஒரு கூண்டு முன்னால் பத்து நிமிஷம் நின்றும் ஒன்றும் தெரியவில்லை என்றால், டிக்கெட் காசு வீண் என்று எண்ணாதீர்கள், உள்ளே இருப்பதற்கு ஒளிய இடம் இருக்கிறது என்று பொருள்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக, திரும்புகிற இடத்தில் தலையை ஒரே மாதிரி ஆட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நடப்பது, அது மனம் சலித்துப்போனதன் அடையாளம், எந்தப் பருவத்திலும் நல்லதில்லை. (தீனி நேரம் நெருங்கும்போது கொஞ்ச நேரம் அப்படி உலாத்துவதை இதில் சேர்க்காதீர்கள்.) வெயிலைப் பொறுத்தவரை, நாக்கு நீண்டு தொங்கி எச்சில் ஒழுக இரைப்பது, நிற்கும்போது தள்ளாடுவது, பக்கத்தில் நிழல் இருந்தும் வெயிலிலேயே கிடப்பது, கூட்டத்தை விட்டுத் தனியாக ஒதுங்கிக் கிடப்பது. இதில் எதையாவது பார்த்தால் வீடியோ எடுத்துப் போடுவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிற காப்பாளரிடம் சொல்லுங்கள். தினமும் பார்க்கிறவருக்கு அது வழக்கமா புதுசா என்று ஒரு பார்வையில் தெரியும்.

இப்போது ஒரு பழைய கதை, என் தப்பு. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், ஒரு சின்னப் பூங்கா, ஏப்ரல் மாதம். ஒரு ஆண் புள்ளிமானுக்குக் குளம்பில் புண், பிடித்து மருந்து போட வேண்டும். காலையில் ஏதோ வேலையில் நேரமாகிவிட்டது, பதினொரு மணிக்கு வலையோடு இறங்கினோம். நாளைக்குப் பார்க்கலாம் என்று கூட இருந்த பெரியவர் சொன்னார், நான் கேட்கவில்லை. பத்து நிமிஷம் ஓட்டம், அவ்வளவுதான். பிடித்தபோது உடம்புச் சூடு 42 டிகிரியைத் தாண்டியிருந்தது. தண்ணீரை ஊற்றினோம், ஊசி போட்டோம், புண்ணுக்கும் மருந்து போட்டு விட்டோம், எழுந்து நின்றது. மறுநாள் பின்னங்கால் விறைத்துக்கொண்டது, சிறுநீர் காபி நிறத்தில் போனது, மூன்றாம் நாள் செத்துப்போனது. பயமும் ஓட்டமும் வெயிலும் ஒன்றாகச் சேரும்போது தசை உடைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. மான் இனங்களில் இது அடிக்கடி நடக்கிற சாவு. புத்தகத்தில் படித்திருந்தேன், கையில் ஒரு மான் போனபிறகுதான் புரிந்தது. அதற்குப் பிறகு கோடையில் காலை 8 மணி தாண்டினால் உயிர் போகிற அவசரம் இல்லாமல் எந்த விலங்கையும் நான் விரட்டியதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூண்டு முன்னால் நின்று கை தட்டுகிறவர்களும் விசில் அடிக்கிறவர்களும் "சும்மா எழுப்பிப் பார்க்கிறோம்" என்று நினைக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் வேலியோரம் கத்திக்கொண்டு ஓடினால் மான் கூட்டமும் கூடவே ஓடும். டிசம்பரில் அது வெறும் தொந்தரவு, மே மாதப் பகலில் அது அவற்றின் உடம்புச் சூட்டை நேராக ஏற்றுகிற வேலை. விலங்கைச் சீண்டுவதும் சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும் தீனி போடுவதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம், ஆனால் நம் ஆட்களுக்குச் சட்டத்தைவிடக் காரணத்தைச் சொன்னால்தான் காதில் ஏறுகிறது. பிள்ளைகளிடம் "அது இப்ப மருந்து சாப்பிட்டுப் படுத்திருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பொய்யும் இல்லை.

அப்போ எப்போது போவது? திறக்கிற நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள், வழக்கமாகக் காலை 9 மணி. 11 மணிக்குப் பெரிய விலங்குகளைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் மதியம் 3 மணிக்கு மேல் நுழையுங்கள். புலி, சிங்கத்துக்கு மாமிசம் பெரும்பாலும் மாலையில் இரவுக் கூடத்துக்குள் வைத்துத்தான் கொடுப்பார்கள், அதனால் மூடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவை எழுந்து சோம்பல் முறித்து, கதவுப் பக்கம் நடமாட ஆரம்பிக்கும். போன வருஷம் நீங்கள் தவறவிட்டது அதைத்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை, கோடை விடுமுறையில் சில சமயம் இதை மாற்றுவார்கள், நேரமும் மாறலாம், கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டு அதிலேயே சீட்டும் எடுத்துக்கொண்டால் வரிசையில் வெயில் காய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுங்கள். இன்னொரு சபலம் வரும், இப்போதே தடுத்துவிடுகிறேன். திருநெல்வேலி பஸ் காலையில் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும், பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, பெட்டியோடு அப்படியே போய்விடலாமே என்று தோன்றும். இரவெல்லாம் தூங்காமல், வழியில் பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரும் குடிக்காமல் வந்த உடம்பு வெயிலுக்கு மிக மோசமான உடம்பு. ஒரு நாள் வீட்டில் தூங்கி எழுந்து போகட்டும்.

உள்ளே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அவ்வளவு பெரிய இடத்தை 4 வயதுப் பிள்ளையோடு நடந்து முடிக்க முடியாது. பேட்டரி வண்டிக்கு அம்மாவையும் சின்னதையும் ஏற்றிவிடுங்கள். செய்தியில் 40 டிகிரி என்று சொன்னால் அது நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடி உயரத்தில் எடுத்த அளவு. உங்கள் நாலு வயதுப் பிள்ளையின் தலையே அந்த உயரத்துக்குக் கீழேதான், தார்ச்சாலைக்குப் பக்கத்தில் நடக்கிறது. வண்டலூர் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் கடல்காற்று கடற்கரைப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே எட்டும். மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாளில் அது தாமதமாகும், அந்த நாட்கள்தான் கொளுத்தும் நாட்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி அடித்தது. நீங்கள் போகிற அன்று காலை 8 மணிக்கே காற்று அனலாக வீசினால் திட்டத்தை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்க வெட்கப்படாதீர்கள்.

தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று இருக்காதீர்கள், வயதானவர்களுக்குத் தாகமே தாமதமாகத்தான் தெரியும். வீட்டிலேயே இரண்டு டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்பி, உள்ளே அரைமணிக்கு ஒரு தடவை நாலு வாய். ஸ்டீல் பாட்டிலில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் விஷயத்தில் வாசலில் கெடுபிடி இருக்கும். உப்புப் போட்ட நீர்மோர் போதும், வெளியே வந்ததும் ஜி.எஸ்.டி. சாலையில் நுங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அதில் நீர் பிரியும் மாத்திரை இருக்கிறதா, வெயில் நாளில் அதை எப்படிச் சமாளிப்பது என்று அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பிள்ளைகளிடம் நான் கவனிப்பது ஒன்றுதான்: ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது திடீரென்று வாயை மூடிக்கொண்டால் அது சமர்த்து ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உடனே நிழல், சட்டையைத் தளர்த்தி ஈரத்துணி, விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். யாராவது குழறிப் பேசினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயங்கிய வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

என் முடிவைக் கேட்டால், 9 வயதுப் பிள்ளைக்காக வண்டலூர் போங்கள், ஒரு காலை நேரம், மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். யானை, நீர்யானை, புலி, பறவைகள், பாம்பு இல்லம், இது போதும். சின்னதுக்கு மட்டும் என்றால் நான் கிண்டி சிறுவர் பூங்காவுக்கே கூட்டிக்கொண்டு போவேன், இடம் சின்னது, மரம் அதிகம், பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. அம்மாவுக்கும் ஒத்துவர வேண்டும் என்றால் மாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, கடலோரம் என்பதால் காற்று இருக்கும். அங்கே திங்கட்கிழமை விடுமுறை.

அப்புறம், பெரிய பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். உள்ளே போனதும் முதலில் யானையிடம் போய், ஒரு நிமிஷத்தில் காதை எத்தனை தடவை வீசுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளட்டும். கிளம்புகிற நேரத்தில் அதே யானை முன்னால் நின்று மறுபடியும் எண்ணட்டும். இரண்டு எண்ணையும் வந்து இங்கே எழுதுங்கள், வேறு ஒன்றுக்கும் இல்லை, எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.